முதலில் முடித்துவிட்ட பிள்ளை

 

தலைவர் அவர்களே, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே, அதிபர்களே, ஆசிரியர்களே, பெற்றார்களே,

அழைப்பிதழில் என் உரையின் தலைப்பை ‘ஆரம்பப் பிரிவில் கணிதத்தில் மேம்பட்ட மாணவருக்கான வாய்ப்புகள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிழை அவர்களுடையதல்ல, நான் எழுதிக் கொடுத்ததுதான். வீட்டில் அதை வாசித்த என் மனைவி, “இது வலயக் கந்தோர் சுற்றுநிருபம் மாதிரி இரிக்கி” என்றார். இந்த உரையை அச்சுக்குக் கொடுக்கும்போது தலைப்பை மாற்றிவிட்டேன். இனி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் ஆசிரிய ஆலோசகராக இருந்த காலம். கடலோரத்துப் பாடசாலை ஒன்றில் நாலாம் தரத்து வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். முப்பத்தேழு பிள்ளைகள். பலகையில் பன்னிரண்டு பெருக்கல் கணக்கு. பின்வாங்கில் இடம் பார்த்து நான் உட்காருவதற்குள் ஒரு பிள்ளை கையை உயர்த்தியது. “முடிச்சிட்டன் டீச்சர்.” டீச்சர் கொப்பியைப் பார்த்தார். பன்னிரண்டும் சரி. “கெட்டிக்காரி. இனிச் சத்தம் போடாம மேசையில தலைய வெச்சிட்டு இரிங்க புள்ள” என்றார்.

அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முப்பத்தேழு பேரில் ஒன்பது பேருக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது. அவர்களிடம் போகவேண்டும். முடித்துவிட்ட பிள்ளை அவருக்கு ஒரு பிரச்சினை குறைந்த பிள்ளை, அவ்வளவுதான். பிள்ளையும் சொன்னபடி தலையை வைத்துக்கொண்டது. ஆனால் பென்சில் மட்டும் கன்னத்துக்குப் பக்கத்தில் அசைந்துகொண்டே இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். சதுரக் கொப்பியின் கடைசிப் பக்கம். ஒரு மூலையில் குட்டிக் குட்டிப் புள்ளிகள்.

“என்ன செய்யிற புள்ள?”

“எண்ணிப் பாக்கன் சேர். இந்தத் தாள்ல எத்தின சதுரம் இரிக்கி?”

“சின்னச் சதுரமா?”

“பெரிசும்தான் சேர். நாலு சின்னனச் சேத்தா அதுவும் சதுரம்தானே.”

நான் அன்றைக்கு ஒரு பிழை விட்டேன். கணக்கு வாத்தியாருக்கு நாக்கு நமைச்சல் கொஞ்சம் கூட. “அது லேசு புள்ள. இரண்டுக்கு இரண்டு என்றால் நாலும் ஒன்றும் ஐந்து. மூன்றுக்கு மூன்று என்றால் ஒன்பதும் நாலும் ஒன்றும் பதினாலு. நாலுக்கு நாலு முப்பது. இப்படியே வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டு போ” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பிள்ளை “ஓம் சேர்” என்று சொல்லிக் கொப்பியை மூடிவிட்டது. அது தானே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒன்றைப் பறித்துவிட்டேன் என்பது மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்தபோதுதான் உறைத்தது.

இனித் தலைப்புக்கு வருவோம். இப்படியான பிள்ளைக்கு நம்மிடம் என்ன வாய்ப்பு இருக்கிறது?

அந்தக் காலத்தில் ஒன்று இருந்தது: டபுள் புரமோஷன். கெட்டிக்காரப் பிள்ளையை ஒரு வகுப்புத் தாண்டித் தூக்கிப் போடுவார்கள். என்னையும் போட்டார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து நேரே நாலாம் வகுப்பு. வாப்பா வாழைக்குலையோடு அதிபர் வீட்டுக்குப் போய் வந்தார். ஆனால் மணிக்கூடு பார்க்கப் படிப்பித்தது மூன்றாம் வகுப்பில். நான் பத்து வயது வரை மணிக்கூடு பார்க்கத் தெரியாமலே இருந்தேன். யாராவது நேரம் கேட்டால், “பள்ளியில பாங்கு சொல்லிட்டாங்க” என்று சமாளிப்பேன்.

என் மணிக்கூட்டுக் கதையை வைத்து வகுப்புத் தாண்டுவது கூடாது என்று சொல்லிவிட முடியாது. 2004 இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்திலிருந்து ‘ஏமாற்றப்பட்ட தேசம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வந்தது. பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தகுதியான பிள்ளையை முன்னே அனுப்பினால் படிப்பும் கெடுவதில்லை, மனமும் உடைவதில்லை, ஆசிரியர்களின் பயந்தான் பெரிது என்று எழுதினார்கள். இருக்கட்டும். நம் இலங்கையில் இன்று வயதும் தரமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை என்ற வாசல் வேறு நிற்கிறது. ஒரு கல்முனைத் தாய் தன் பிள்ளையை ஒரு வருடம் முந்தி அந்த வாசலுக்கு அனுப்பச் சம்மதிப்பார் என்று நான் நம்பவில்லை.

எல்லாப் பாடத்தையும் தாண்டாமல் கணிதத்தில் மட்டும் தாண்டலாம். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் வளர்ந்த கணித மேதை டெரன்ஸ் தாவோவுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஒரே பிள்ளை ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு வகுப்பில் போய் உட்கார்ந்தது. பிறகு ஆரம்பப் பாடசாலை வயதிலேயே உயர்நிலைப் பாடசாலைக் கணித வகுப்புக்கும் போய் வந்தது. 1986, 1987, 1988 ஆகிய மூன்று ஆண்டும் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் முறையே வெண்கலம், வெள்ளி, தங்கம். தங்கம் வாங்கியபோது பதின்மூன்று வயது. எனக்குப் பெரிதாகப் படுவது பதக்கம் இல்லை. பெற்றாரும் பாடசாலையும் இருந்து பேசி, ஒரு பிள்ளைக்காக நேரசூசியை வளைத்தார்களே, அதுதான்.

நேரசூசியை வளைப்பது இங்கேயும் முடியாத காரியமில்லை. மூன்றாம், நாலாம், ஐந்தாம் தரங்களுக்குக் கணித பாடத்தை ஒரே மணிக்கு வைத்தால் போதும். நாலாம் தரத்துப் பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய் வரும். தளபாடம் வேண்டாம், சுற்றுநிருபம் வேண்டாம். அதிபர் ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்து அட்டவணையைத் திருப்பி எழுதவேண்டும். இதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். “நல்ல யோசனை சேர்” என்பார்கள். தேத்தண்ணீர் வரும், கூட்டம் முடியும்.

ஆனால் ஐந்தாம் தரத்து அறையில் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அங்கேதான் சிக்கல். ஐந்தாம் தரத்தில் நடப்பது பெரும்பாலும் புலமைப்பரிசில் பயிற்சி.

இந்தப் பரீட்சையை வசைபாடுவது இப்போது மேடை வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் அவ்வளவு உற்சாகமில்லை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியை நிலைநாட்டிய 1940களில் பிறந்தது இது. கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரிக்குப் போக ஒரு வழி. அதே ஆண்டுகளில் நம் கரையிலும் அந்த எண்ணம் வேர்விட்டது. 1942 இல், யுத்தக் காலத்தில், ஏ. எம். ஏ. அஸீஸ் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். வந்த வேலை உணவு உற்பத்தி. வயல்களைப் பார்க்க வந்த மனிதர் பிள்ளைகளையும் பார்த்தார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். 1945 இல் கொழும்பில் பிறந்த முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு முன்னோடி இந்தச் சங்கந்தான். காசில்லை என்பதற்காகக் கெட்டிக்காரப் பிள்ளை நின்றுவிடக்கூடாது என்ற நினைப்பில் நம் ஊர் மணலும் ஒட்டியிருக்கிறது. இன்று இங்கே நாம் கூடியிருப்பதும் அதன் தொடர்ச்சிதானே.

அப்படியானால் குறை எங்கே? ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் பரீட்சை இது. முதலாம் வினாத்தாளில் நாற்பது கேள்வி, நேரம் ஒரு மணித்தியாலம். கேள்வி ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். தெரியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ என்பது ரியூஷனில் முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம். பரீட்சைக்கு அது சரியான புத்திமதி. கணிதத்துக்கு நேர் எதிரானது. காரைதீவில் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்த மயில்வாகனம் பின்னாளில் சுவாமி விபுலாநந்தராகி, பழைய யாழின் நரம்புகளுக்கு நீள விகிதம் கண்டுபிடிக்க ஏறக்குறைய 14 ஆண்டு உழைத்தார். 1947 இல் ‘யாழ் நூல்’ வெளிவந்தது. அதில் கணக்கு நிறைந்து கிடக்கிறது.  ஒன்றரை நிமிடமும் ஒரு கேள்விக்கு உரிய நேரந்தான், பதினான்கு ஆண்டும் உரிய நேரந்தான். நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவது முதலாவதை மட்டும்.

முதலில் முடிக்கிற பிள்ளையைக் கண்டதும் நமக்கு வரும் யோசனைகள் எல்லாமே வேகத்தின் பக்கம் சாய்வதைக் கவனியுங்கள். மூன்றாம் தரத்திலேயே மாதிரி வினாத்தாள். அடுத்த தரத்துப் புத்தகம். அபாகஸ் வகுப்பு. அபாகஸை நான் பழிக்கவில்லை. விரல்கள் காற்றில் மணி தள்ளுவது பார்க்க அழகு, பிள்ளைக்குத் தன்னம்பிக்கையும் வருகிறது. ஆனால் ஏற்கெனவே வேகமாக ஓடுகிற பிள்ளைக்கு இன்னும் வேகம் சொல்லிக் கொடுத்து என்ன செய்வது? அது போய்ச் சேர இடம் வேண்டாமா?

இன்னொரு வழக்கம், கெட்டிக்காரப் பிள்ளையை மொனிட்டராக்குவது. “முடிச்சிட்டா பின்வாங்குப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுங்க.” இதற்கு நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை வேறு யார்? சென்னையில் எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய அன்ட்ரூ பெல், நம்மவர்கள் மணலில் எழுதிப் பழகுவதையும் பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டு, 1797 இல் இலண்டனில் புத்தகம் போட்டு, அதை ‘மதராஸ் முறை’ என்று உலகெங்கும் பரப்பினார். பெருமைதான். ஒரு பிள்ளை சில நாள் சட்டாம்பிள்ளையாக இருந்தால் அதற்கும் நல்லது. மூன்று வருடம் சம்பளமில்லாத உதவி ஆசிரியையாக இருந்தால், அதன் கணிதம் எப்போது நடக்கும்?

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு என்னதான் வேண்டும்? என் ஆயுளில் நான் கண்டுகொண்டதை இரண்டு வார்த்தையில் சொல்லலாம். ஒரு கூட்டாளி வேண்டும். தன்னைவிட மூத்த, தன்னோடு தரையில் உட்காரக்கூடிய, விடையை உடனே சொல்லிவிடாத ஒரு கூட்டாளி.

கார்ல் கவுஸ் சிறு பிள்ளையாக ஒன்றிலிருந்து நூறு வரை நொடியில் கூட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு உண்மை, எவ்வளவு கைச்சரக்கு என்பதைச் சரித்திரகாரர்களிடம் விட்டுவிடுவோம். அதே வகுப்பில் இருந்த இன்னொருவரைத்தான் நான் சொல்லவந்தேன். பெயர் மார்ட்டின் பார்ட்டெல்ஸ். வாத்தியார் பியூட்னருக்கு உதவியாள். கவுஸைவிட எட்டு வயது மூத்த இளைஞன். பியூட்னர் தன் கைக்காசில் ஹம்பர்க்கிலிருந்து புத்தகம் எடுப்பித்துக் கொடுத்தாராம். உடன் உட்கார்ந்து படித்தது பார்ட்டெல்ஸ். அவர் பிற்காலத்தில் ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே அவரிடம் படித்த ஒருவர்தான் யூக்ளிட்டுக்கு மாறான வடிவியலை உருவாக்கிய லோபச்செவ்ஸ்கி. இரண்டு மேதைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மனிதர். அவர் பெயரில் ஒரு சூத்திரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பார்ட்டெல்ஸ்கள் நம் ஊரில் இருக்கிறார்களா? மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை தெருத்தெருவாக இருக்கிறார்கள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்து, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! பீச்சில் கிரிக்கெட், இரவில் ஃபோன். ஒலுவிலை மையமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அங்கே கணிதம் படிக்கும் மாணவர்கள் நம் ஆரம்பப் பாடசாலைகளுக்கு பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு பின்னேரம், நாலைந்து பாடசாலையிலிருந்து முதலில் முடிக்கிற பிள்ளைகள் பத்துப் பேர், இரண்டு இளைஞர்கள், ஒரு பாய், ஒரு பலகை. வினாத்தாள் கொண்டுவரக் கூடாது. பெற்றார் வாசலோடு நின்றுவிடவேண்டும். இவ்வளவுதான் என் திட்டம். பஸ் காசும் தேத்தண்ணீரும் அறக்கட்டளையால் முடியும் என்று நினைக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் என்னைப் பார்க்காமல் இருப்பதையும் கவனிக்கிறேன்.

என்ன கேள்வி கொடுப்பது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ‘என்ரிச்’ 1996 முதல் இலவசமாகக் கேள்விகள் போட்டுவருகிறது. அவர்கள் தேடுவது வாசல் தாழ்ந்து, கூரை உயர்ந்த கேள்விகள். எந்தப் பிள்ளையும் நுழையலாம், எவ்வளவு உயரமான பிள்ளைக்கும் தலை இடிக்காது. அந்த மாதிரிக் கேள்விகள் நம் வீட்டிலேயே கிடக்கின்றன.

கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ் நூலில், பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண ஒரு வழி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டும். ஒருமுறை சில பிள்ளைகளோடு இதைச் செய்துபார்த்தேன். இரண்டு பழம் வாங்கினோம். முதலில் சண்டை: காம்பைச் சுற்றி என்றால் எந்த வட்டம்? காம்பை ஒட்டிய முள் மட்டுமா, அதற்கு அடுத்த வரிசையும் சேர்த்தா? ஒரு பையன் எண்ணிய முள்ளில் நூல் கட்டினான். “சேர், முள்ளு அம்பத்திரெண்டா வந்தா ஐஞ்சால போகாதே, அப்ப அரைச் சுளை இரிக்குமா?” என்று கேட்டான் இன்னொருவன். எந்த எண்களுக்கு விடை முழுதாக வரும் என்று அங்கேயே ஒரு கிளைக் கணக்கு முளைத்தது. பிறகு வெட்டினோம். ஒரு பழம் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. மற்றது எட்டாத தூரம். “அப்ப புத்தகம் பொய்யா சேர்?” நான் பதில் சொல்லவில்லை. இன்னும் எத்தனை பழம் வெட்டினால் சொல்லலாம் என்று அவர்களே பேசத் தொடங்கினார்கள். கைப்பிசின் போகத் தேங்காய் எண்ணெய் தேடியலைந்தது தனிக்கதை.

இன்னொன்று. நம் வீடுகளில் மௌத்துக்குப் பிறகு வாரிசுப் பங்கு பிரிக்கிறார்களே, அது முழுக்கப் பின்னம். அட்சரகணிதத்துக்கு உலகம் வழங்கும் பெயர், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பிலுள்ள ‘அல் ஜப்ர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த நூலின் பிற்பகுதி மரணசாசனம், வாரிசுப் பங்கு பற்றியதே. ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் சிலரிடம் ஒரு கணக்கைப் போட்டேன். ஒருவர் மௌத்தானார். மனைவி, இரண்டு பெண்மக்கள், தாய், தகப்பன். மனைவிக்கு எட்டில் ஒன்று. பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தாய்க்கு ஆறில் ஒன்று, தகப்பனுக்கு ஆறில் ஒன்று. கூட்டுங்கள்.

கொஞ்ச நேரம் பென்சில் சத்தம். பிறகு ஒரு பிள்ளை அழாக்குறையாக, “எனக்குப் பிழைக்கிது சேர். இருபத்திநாலுக்கு இருபத்தேழு வருகிது.” பக்கத்துப் பிள்ளைக்கும் இருபத்தேழு. எல்லாருக்கும் இருபத்தேழு. பிழையில்லை, விடை அதுதான். சொத்து ஒன்று, பங்குகளோ ஒன்றைவிடக் கூட. என்ன செய்வது? “எல்லாருக்கும் மூணு மூணு குறைப்பம்.” “அது நியாயமில்ல, மனைவிக்கு மூணுதான் இரிக்கி, அவவுக்கு ஒண்டுமே வராது.” கால் மணித்தியாலம் கழித்து ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னது: “சொத்த இருபத்திநாலாப் பிரிக்காம இருபத்தேழாப் பிரிச்சா?” பிரித்தார்கள். மனைவிக்கு இருபத்தேழில் மூன்று, அதாவது ஒன்பதில் ஒன்று. இந்தக் கணக்கை மிம்பரில் நின்றபடியே அலி (ரழி) அவர்கள் தீர்த்து, அவளுடைய எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்றார்கள் என அறிவிக்கப்படுகிறது. அதை நான் சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் வந்த சிரிப்பை எந்தப் புலமைப்பரிசில் பதாகையிலும் நான் பார்த்ததில்லை.

இப்படிக் கேள்வி கேட்க விசேட பட்டம் தேவையில்லை. பிள்ளை தடுமாறும்போது வாயை மூடிக்கொண்டிருக்கப் பயிற்சி தேவை. எனக்கே அது வயது போன பிறகுதான் வந்தது. வகுப்பறையிலும் கொஞ்சம் செய்யலாம். பலகையில் பன்னிரண்டு கணக்கு எழுதும் டீச்சர், ஓரத்தில் பதின்மூன்றாவதாக ஒன்றை எழுதிவைக்கட்டும். விடை சரிபார்க்காத, கிழமை முழுக்க அழிக்காத ஒரு கேள்வி. ‘இரண்டு எண்ணைப் பெருக்கினால் ஆயிரம், எந்த எண்ணிலும் பூச்சியம் இல்லை’ என்பதுபோல. முப்பத்தேழு பேருக்கும் அதில் உரிமை உண்டு. முதலில் முடிப்பவர் என்று நாம் குறித்து வைத்திராத ஒரு பிள்ளை அதைச் செய்துகொண்டு வருவதும் நடக்கும். அமைதியாக இருக்கிற பிள்ளைகளைத்தான், அதிலும் பெண்பிள்ளைகளைத்தான், நாம் அதிகம் தவறவிடுகிறோம். ஆண்பிள்ளை சும்மா இருந்தால் குழப்படி செய்வான், அவனுக்கு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும். பெண்பிள்ளை தலையை மேசையில் வைத்துக்கொள்ளும்.

அந்தச் சதுரக் கொப்பிப் பிள்ளையை அடுத்த தவணையில் மறுபடி கண்டேன். இடைவேளை. நான் மோட்டார் சைக்கிளை நிழலில் நிறுத்திக்கொண்டிருந்தேன். ஓடிவந்து முன்னால் நின்றது. கையில் அதே கொப்பி, மட்டை கழன்றிருந்தது.

“சேர், நீங்க சொன்னது பிழை.”

“எது புள்ள?”

“ரெண்டுக்கு ரெண்டு ஐஞ்சு எண்டீங்க. ஆறு.”

வாங்கிப் பார்த்தேன். நாலு சின்னச் சதுரம் சேர்ந்த கட்டம். அதன் நாலு பக்கத்தின் நடுப்புள்ளிகளையும் சிவப்புப் பேனையால் இணைத்து, உள்ளே ஒரு சதுரத்தைச் சாய்த்து வைத்திருந்தது. நாலு மூலையும் கொப்பியின் கோடுகள் சந்திக்கிற இடத்தில்தான். சதுரந்தான், சந்தேகமில்லை.

“அப்ப மூணுக்கு மூணில?” என்றேன்.

“இருவது வருகிது. இன்னொருக்கா எண்ணோணும்” என்று கொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டது. மணி அடித்துவிட்டிருந்தது.